கருந்துளைகள் ஒருநாள் எல்லாவற்றையும் விழுங்கிவிடுமா?

கேள்வியை முதலில் சரியாக எடுத்து வைத்துவிடுகிறேன். கருந்துளைக்குள் விழுந்தது எதுவும் திரும்பி வராது, ஆகவே அது வளரத்தான் செய்யும், சிறுக்காது. போதுமான காலம் கொடுத்தால் கருந்துளைகள் எல்லாம் வளர்ந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, கடைசியில் பிரபஞ்சமே ஒரே கருந்துளையாகிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு வீடியோவில் இதைப் பார்த்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை என்றும், "நாம் ஏற்கெனவே ஒரு கருந்துளைக்குள்தான் இருக்கிறோம் என்கிறார்களே, அது உண்மையா?" என்றும் கடைசியில் சேர்த்திருக்கிறீர்கள். நான் ஆய்வாளன் அல்ல. முப்பது வருடத்துக்கு மேல் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். இந்தக் கேள்வியை வெவ்வேறு வடிவத்தில் மாணவர்களிடமிருந்து வருடம் தவறாமல் வாங்கியிருக்கிறேன். சுருக்கமான பதில்: விழுங்காது. அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. அப்புறம் கடைசியில் என்னதான் ஆகும் என்பதில்தான் தயக்கம். இரண்டையும் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

கோயில் உண்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். போட்ட காசு திரும்பி வராது. பணம் ஏறுமே தவிர இறங்காது. அதனால் என்றைக்காவது ஊர்ப் பணம் முழுவதும் அந்த உண்டியலுக்குள் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் சிரிப்போம். காசு தானாக நடந்து வந்து விழாது. ஒருவர் கொண்டுவந்து வாயருகே நீட்ட வேண்டும். உள்ளே போனது திரும்பாது என்பது வேறு, எல்லாம் உள்ளே போகும் என்பது வேறு. உங்கள் வாதத்தின் முதல் பாதியை இப்போதைக்குச் சரி என்றே வைத்துக்கொள்வோம், அதற்குப் பிறகு வருகிறேன். இரண்டாவது பாதி முதல் பாதியிலிருந்து வருவதே இல்லை.

இந்தக் குழப்பத்துக்கு எங்களைப் போன்ற வாத்தியார்களும் ஒரு காரணம் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். அறிவியல் கண்காட்சியில் பார்த்திருப்பீர்கள்: அகலமான ஒரு வளையத்தில் இழுபடும் துணியை விறைப்பாகக் கட்டி, நடுவில் ஓர் இரும்புக் குண்டை வைப்போம். துணி குழியும். ஓரத்திலிருந்து ஒரு கோலிக்குண்டைச் சாய்வாக உருட்டிவிட்டால் அது குழியைச் சுற்றி வரும். இரண்டு சுற்று, மூன்று சுற்று, வட்டம் சிறுத்துக்கொண்டே போய், டக் என்று நடுக்குண்டில் முட்டி நின்றுவிடும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். பத்துப் பதினைந்து வருடம் நானே இதைச் செய்து காட்டியிருக்கிறேன். ஒரு முறை ஒரு மாணவி, "அப்படின்னா பூமியும் ஒருநாள் இப்படித்தான் சூரியன்ல போய் விழுமா சார்?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கோலி நடுவில் போய்ச் சேர்ந்தது குழியினால் மட்டும் அல்ல, துணியின் உராய்வினால். உராய்வு இல்லாத துணி ஒன்று கிடைத்தால் கோலி சுற்றிக்கொண்டே இருக்கும், பிள்ளைகள் அலுத்துப்போய் அடுத்த மேசைக்குப் போய்விடுவார்கள்.

விண்வெளியில் அந்த உராய்வு அநேகமாக இல்லை. அடியோடு இல்லை என்றும் சொல்லக் கூடாது: ஒன்றையொன்று சுற்றும் எந்த இரண்டு பொருளும் ஈர்ப்பலைகளாக, அதாவது ஈர்ப்பு அலைபோலப் பரவும் அதிர்வாக, கொஞ்சம் ஆற்றலை இழக்கும். பூமி சூரியனைச் சுற்றுவதில் இப்படிப் போவது சுமார் 200 வாட். பழைய காலத்துக் குண்டு பல்பு இரண்டு எரிகிற அளவு. பூமியைச் சூரியனுக்குள் இறக்க இது போதாது. அதனால்தான் 450 கோடி ஆண்டாகப் பூமி விழாமல் சுற்றுகிறது. இப்போது சூரியனை எடுத்துவிட்டு அதே நிறையுள்ள கருந்துளை ஒன்றை அங்கே வையுங்கள். அதன் ஆரம் 3 கிலோமீட்டர்தான் இருக்கும். பூமி என்ன செய்யும்? அதே பாதையில், அதே வேகத்தில், அதே 365 நாளில் சுற்றும். நாம் இருட்டிலும் குளிரிலும் செத்துப்போவோம், அது வேறு விஷயம். ஆனால் விழமாட்டோம். தூரத்தில் இருப்பவனுக்குக் கருந்துளையின் ஈர்ப்புக்கும் அதே நிறையுள்ள விண்மீனின் ஈர்ப்புக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. உறிஞ்சுதல் என்ற சொல்லே இங்கே தப்பு.

இது கற்பனைக் கணக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 2022-இல் கையா விண்கலத்தின் தரவிலிருந்து கையா பிஎச்1 என்று ஒரு கருந்துளையைக் கண்டுபிடித்தார்கள். இதுவரை தெரிந்தவற்றில் நமக்கு மிக அருகில் இருப்பது அதுதான்: சுமார் 1,560 ஒளியாண்டு. நிறை சூரியனைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. அதைச் சூரியனைப் போன்ற ஒரு சாதாரண விண்மீன் 186 நாளுக்கு ஒரு முறை சுற்றி வருகிறது. கருந்துளை அதைத் தின்னவில்லை, கிள்ளக்கூட இல்லை. நம் விண்மீன் மண்டலமான பால்வழியின் நடுவிலும் சுமார் 40 லட்சம் சூரிய நிறையுள்ள ஒரு பெரிய கருந்துளை இருக்கிறது. அதைச் சுற்றும் எஸ்2 என்ற விண்மீன் 16 வருடத்துக்கு ஒரு முறை மிக நெருங்கி வரும். 2018 மே மாதம் அது நெருங்கியபோது இடைவெளி, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல சுமார் 120 மடங்கு. வேகம் நொடிக்கு 7,000 கிலோமீட்டருக்கும் மேல். வளைந்து திரும்பி, வந்த வழியே வெளியே போய்விட்டது. இந்த விண்மீன்களை இருபது வருடத்துக்கு மேல் விடாமல் பின்தொடர்ந்ததற்காகத்தான் வானியலாளர்கள் கென்செலுக்கும் கெஸ்ஸுக்கும் 2020-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

சரி, அப்படியானால் கருந்துளைகள் எதைத்தான் தின்கின்றன? பெரும்பாலும் வாயுவை. வாயு ஒன்றோடொன்று உரசும், அதனால் சூடாகும், சுழற்சியை இழக்கும், மெல்ல உள்ளே இறங்கும். கோலிக்குத் துணி செய்ததை வாயுவுக்கு வாயுவே செய்துகொள்கிறது. ஆனால் அப்படிச் சூடாகும்போது கிளம்பும் ஒளியே பின்னால் வரும் வாயுவை வெளியே தள்ளும். சின்னக் குழந்தை சோறு சாப்பிடுவதைப் பார்த்தால் போதும். வாயில் போனதைவிடத் தரையில் சிந்தியதுதான் அதிகம். 2019-இல் முதன்முதலாகப் படம் வெளியானதே எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் கருந்துளை, 650 கோடி சூரிய நிறை கொண்டது, அது ஆயிரக்கணக்கான ஒளியாண்டு நீளத்துக்கு ஒரு தாரையை வெளியே பீய்ச்சிக்கொண்டிருக்கிறது. நம் பால்வழியின் கருந்துளையோ அநேகமாகப் பட்டினி.

இன்னொன்றும் இருக்கிறது. எல்லா விண்மீனும் கருந்துளையாகாது. பிறக்கும்போதே சூரியனைப் போல ஏறத்தாழ இருபது மடங்குக்கு மேல் கனமானவைதான் பெரும்பாலும் அப்படி முடியும். அவை ஆயிரத்தில் ஒன்று தேறினால் அதிகம். சூரியன் இன்னும் சுமார் 500 கோடி ஆண்டில் ஊதிப் பெருத்து, பிறகு வெண்குள்ளன் என்ற சிறிய, அடர்ந்த விண்மீனாகச் சுருங்கி ஆறும். அதற்குக் கருந்துளையாகும் யோகம் இல்லை. வெண்குள்ளன் எவ்வளவு எடை தாங்கும் என்று 1930-இல் கப்பலில் இங்கிலாந்து போகும் வழியில் கணக்குப் போடத் தொடங்கியவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர். அப்போது அவருக்கு 19 வயது. அந்த வரம்பு சூரியனைப் போல 1.4 மடங்கு. 

இனி, உங்கள் வாதத்தின் முதல் பாதி. "வளரத்தான் செய்யும், சிறுக்காது" என்று நீங்கள் சொன்னதை 1971-இல் இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் ஒரு தேற்றமாகவே நிறுவினார்: கருந்துளையின் எல்லைப் பரப்பு, அதாவது தாண்டினால் திரும்ப முடியாத அந்த எல்லையின் பரப்பு, ஒருபோதும் குறையாது. இதை இப்போது அளந்தும் பார்த்தாயிற்று. 2025 ஜனவரி 14 அன்று லைகோ கருவிகளில் ஓர் ஈர்ப்பலை மிகத் தெளிவாகப் பதிவானது. சூரியனைப் போல 30 மடங்குக்குக் கொஞ்சம் மேலான இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றாயின. மோதும் முன் இரண்டின் பரப்பும் சேர்ந்து சுமார் 2,40,000 சதுர கிலோமீட்டர். சேர்ந்த பின் சுமார் 4,00,000. அதாவது நம் தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்கு. கூடியதே தவிரக் குறையவில்லை. ஆக, நீங்கள் போட்ட கணக்கு தவறு என்று நான் சொல்லவில்லை, ஹாக்கிங் 1971-இல் நின்ற இடத்தில்தான் நீங்களும் நிற்கிறீர்கள்.

மூன்றே வருடத்தில், 1974-இல், அதே ஹாக்கிங் தன் தேற்றத்துக்கே ஓட்டை போட்டார். குவாண்டம் இயற்பியலையும் சேர்த்துக் கணக்கிட்டால் கருந்துளைக்கு ஒரு வெப்பநிலை வருகிறது. வெப்பநிலை இருந்தால் அது கதிர்வீசும், கதிர்வீசினால் நிறை குறையும், கடைசியில் ஆவியாகித் தீர்ந்துபோகும். துகளும் எதிர்த்துகளும் ஜோடியாகத் தோன்றி, ஒன்று உள்ளே விழ, மற்றது தப்பிக்கிறது என்று வீடியோக்களில் காட்டுவார்கள். அது எளிமைக்காகச் சொல்லப்பட்ட உவமை. நான் வகுப்பில் அதைச் சொல்வதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன், தெளிவைவிடக் குழப்பத்தைத்தான் அதிகம் கொடுத்தது. வெப்பநிலை உண்டு என்பதைப் பிடித்துக்கொண்டால் போதும். விநோதம் என்னவென்றால், பெரிய கருந்துளை குளிர்ந்திருக்கும், சிறியது சுடும். சூரிய நிறையுள்ள கருந்துளையின் வெப்பநிலை, ஒரு கெல்வினை (அதற்கும் கீழே குளிர முடியாத புள்ளியிலிருந்து எண்ணும் டிகிரி) கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் பிரபஞ்சம் முழுக்கப் பரவியிருக்கும், அது பிறந்த காலத்து வெப்பத்தின் மிச்சமே 2.7 கெல்வின் இருக்கிறது. வெந்நீர்ப் பானைக்குள் போட்ட ஐஸ் கட்டி தன் சூட்டினால் நீரைச் சூடாக்குமா? இன்றைக்கு விண்மீன் இறந்து உண்டான எந்தக் கருந்துளையும் ஆவியாகவில்லை. அந்த மிச்ச வெப்பத்தைக் குடித்து, துளித்துளியாக வளர்கிறது. இன்று ஒரு கருந்துளை வாங்குவதைவிட அதிகம் கொடுக்க வேண்டுமானால், அதன் நிறை நம் நிலவைவிடவும் குறைவாக இருக்க வேண்டும், ஏறத்தாழ நிலவின் பத்தில் ஆறு பங்கு. அவ்வளவு சிறிய கருந்துளை இருக்கிறது என்பதற்கு இதுவரை ஆதாரம் இல்லை.

பிரபஞ்சம் விரிய விரிய அந்த மிச்ச வெப்பமும் ஆறும். இப்போதைய போக்கு அப்படியே நீடித்தால், சுமார் 30,000 கோடி ஆண்டில் அது சூரிய நிறைக் கருந்துளையின் வெப்பநிலைக்குக் கீழே போய்விடும். அதற்கப்புறம்தான் ஆவியாதலே தொடங்கும். முடிய எவ்வளவு காலம்? சூரிய நிறை என்றால் சுமார் 2-க்குப் பின்னால் 67 சுழியம் போட்ட ஆண்டுகள். ஆம்பல், தாமரை, வெள்ளம் என்று பேரெண்களுக்குப் பூவும் நீருமாகப் பெயர் வைத்தவர்கள் நம்மவர்கள். ஆனால் இது எந்தப் பெயருக்கும் அடங்குகிற எண் அல்ல. இப்படிப் பாருங்கள்: பூமியில் உள்ள அணுக்களை எல்லாம் ஒவ்வொன்றாக எண்ணுகிறோம். ஓர் அணுவை எண்ணி முடித்து அடுத்த அணுவுக்குப் போக, பிரபஞ்சத்தின் இன்றைய வயதான 1,380 கோடி ஆண்டு எடுத்துக்கொள்கிறோம். மண், கல், கடல், காற்று, நம் உடம்பு எல்லாவற்றையும் எண்ணி முடித்தாயிற்று. பிறகு முதலிலிருந்து மறுபடி. இப்படி ஏறத்தாழ ஒரு கோடி தடவை எண்ணினால் அந்தக் காலம் வரும். மிகப் பெரிய கருந்துளைகளுக்கோ 100 சுழியம் போட்ட ஆண்டுகள்.

இதில் எது உறுதி, எது சந்தேகம்? கருந்துளைகள் இருப்பது உறுதி. மோதும்போது பரப்பு கூடுவது அளந்த உண்மை. ஆனால் ஹாக்கிங் கதிர்வீச்சை இதுவரை எந்தக் கருந்துளையிலும் யாரும் பார்த்ததில்லை. அதை நம்புவதற்கு நல்ல காரணம் உண்டு: வெவ்வேறு வழியில் கணக்கிட்டவர்களும் அதே விடைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். இஸ்ரேலில் ஒரு ஆய்வகத்தில், மிகக் குளிர்ந்த அணுக்களின் ஓட்டத்தில் ஒலிக்கு ஒரு கருந்துளை போன்ற எல்லையை உருவாக்கி, அங்கே இதையொத்த கதிர்வீச்சைக் கண்டதாக 2016-இலும் 2019-இலும் கட்டுரை வெளியிட்டார்கள். அழகான வேலைதான். ஆனால் அது ஒலியின் கருந்துளை, ஒளியினுடையது அல்ல. பிரபஞ்சத்தின் தொடக்கத்திலேயே ஒரு மலையின் நிறையும் புரோட்டான் அளவும் கொண்ட குட்டிக் கருந்துளைகள் உருவாகியிருந்தால், அவை இந்தக் காலத்தில்தான் வெடித்து மறைய வேண்டும். காமாக் கதிர்த் தொலைநோக்கிகளால் தேடினார்கள், இதுவரை அகப்படவில்லை. ஆக, "கருந்துளை ஆவியாகும்" என்பது தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் நான் பந்தயம் கட்டக்கூடிய விஷயம். ஆனால் பார்த்த விஷயம் அல்ல. உள்ளே விழுந்த பொருளைப் பற்றிய தகவல் அந்தக் கதிர்வீச்சோடு வெளியே வருகிறதா, அடியோடு அழிகிறதா என்பதில் ஐம்பது வருடமாகச் சண்டை. வெளியே வருகிறது என்ற பக்கம்தான் இப்போது ஆள் அதிகம்.

இனி, ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே கருந்துளையாகுமா என்பது. உள்ளூர் அளவில் சேர்தல் நடக்கும். ஆண்ட்ரோமீடா மண்டலம் நம்மை நோக்கி நொடிக்குச் சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருக்கிறது. இன்னும் நானூறு ஐநூறு கோடி ஆண்டில் மோதும் என்றுதான் வெகுகாலம் வகுப்பில் சொல்லிவந்தேன். 2025-இல் வந்த ஓர் ஆய்வு, அடுத்த 1,000 கோடி ஆண்டுக்குள் அது நடக்க வாய்ப்பு பாதிக்குப் பாதிதான் என்கிறது. நாங்கள் அடித்துச் சொன்ன ஒன்று நாணயம் சுண்டும் கதையாகிவிட்டது. எப்படியும் ஒருநாள் சேர்ந்துவிட்டால், இரண்டின் நடுவிலுள்ள பெரிய கருந்துளைகளும் ஒன்றாகும். ஆனால் நம் அக்கம்பக்கத்து மண்டலங்களைத் தாண்டி வேறு எதையும் ஈர்ப்பு இழுத்துச் சேர்க்க முடியாது, அவை விலகிப் போய்க்கொண்டிருக்கின்றன. அந்த விலகலும் வேகம் கூடிக்கொண்டே போவதாக 1998-இல் இரண்டு குழுக்கள் கண்டுபிடித்தன. அதற்குக் காரணமாகச் சொல்லப்படும் இருண்ட ஆற்றல் பிரபஞ்சத்தின் கணக்கில் ஏறத்தாழ 68 சதவீதம். இன்று தொலைநோக்கியில் தெரியும் மண்டலங்களில் மிகப் பெரும்பாலானவற்றை நாம் ஒளியின் வேகத்தில் கிளம்பினாலும் இனி எட்டிப் பிடிக்க முடியாது. ஊர் முழுக்க ஒரே வீடாகிவிடுமோ என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள். நடப்பதோ, வீட்டுக்கு வீடு இடைவெளி கூடி, பக்கத்துத் தெரு கண்ணுக்கே தெரியாமல் போவது.

ஒரே மண்டலத்துக்குள்ளாவது எல்லாம் நடுக்கருந்துளைக்குள் விழுமா? அதுவும் பெரும்பாலும் இல்லை. மிக நீண்ட காலத்தில் விண்மீன்கள் ஒன்றையொன்று நெருங்கிக் கடக்கும்போது ஒன்று வேகம் பெறும், மற்றது இழக்கும். வேகம் பெற்றது மண்டலத்தைவிட்டே வெளியேறிவிடும். தட்டில் ஊற்றி வைத்த தண்ணீர் வெயிலில் வற்றுவதைப் போலத்தான், வேகமான மூலக்கூறுகள் முதலில் போய்விடும். கணக்குப்படி பெரும்பகுதி இப்படி வெளியே சிதறும், சிறு பகுதிதான் நடுவில் விழும். இதற்கெல்லாம் வெகு முன்பே விளக்கு அணைந்திருக்கும்: மிகச் சிக்கனமாக எரியும் செங்குள்ளன்கள் என்ற சிறு விண்மீன்களும் சுமார் கோடி கோடி ஆண்டில், அதாவது 14 சுழியம் போட்ட காலத்தில், எரிந்து தீரும். அதுவரை ஓரளவு துணிந்து சொல்லலாம். அதற்கு அப்பால் கணக்கு, நாம் இன்னும் அளக்காத ஓர் எண்ணில் போய் முட்டுகிறது: புரோட்டானின் ஆயுள்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், எனக்கு நெருக்கமான இடம் இது. புரோட்டான் என்றைக்காவது சிதையுமானால் ஆறிப்போன விண்மீன்களும் கோள்களும் தானாகவே கரைந்துவிடும். சிதையாது என்றால் கதை வேறு. இதைத் தேடிய முதல் பெரிய சோதனைகளில் ஒன்று நடந்தது கோலார் தங்கவயலில். நான் வட ஆற்காட்டுக்காரன். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் என்று சொல்லுமளவுக்கு கே.ஜி.எஃப். சுரங்கத்துக்குப் போனவர்கள் உண்டு. என் தாய்மாமாவும் போனார். கேஜில் (ஆட்களை இறக்கும் கூண்டில்) இறங்கும்போது காது அடைக்கும், அடியில் பாறை தொட்டால் சுடும் என்பார். அந்தச் சுரங்கத்தில் 1965-லேயே, வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பதிவு செய்தார்கள். 1980-இல் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 140 டன் இரும்பை அடுக்கி, இடையிடையே வாயுக் குழாய்களை வைத்து, டாடா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானின் ஒசாகாக்காரர்களும் புரோட்டான் சிதைவைத் தேடத் தொடங்கினார்கள். ஏன் அவ்வளவு ஆழம்? மேலிருந்து வரும் விண்வெளிக் கதிர்களைப் பாறை வடிகட்டிவிடும். ஏன் 140 டன்? அதில்தான் சூட்சுமம். புரோட்டானின் ஆயுள் 31 சுழியம் போட்ட ஆண்டு என்றால் அத்தனை ஆண்டு காத்திருக்க முடியாது. ஆனால் அதைவிட அதிகமான எண்ணிக்கையில் புரோட்டானும் நியூட்ரானும் ஒரே இடத்தில் குவித்து வைத்தால், வருடத்துக்குச் சிலவாவது சிதைந்தாக வேண்டும். 140 டன் இரும்பில் அவை ஏறத்தாழ 8-க்குப் பின்னால் 31 சுழியம் போட்ட அளவு இருக்கின்றன.

சில நிகழ்வுகள் அகப்பட்டதாக அவர்கள் 1980-களின் தொடக்கத்தில் அறிவித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஆயிரக்கணக்கான டன் தண்ணீரை வைத்துத் தேடியவர்களுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. இன்றைக்கு 50,000 டன் தண்ணீர் கொண்ட சூப்பர் காமியோகாண்டே சொல்வது: முக்கியமான ஒரு சிதைவு வழியில் புரோட்டானின் ஆயுள் 34 சுழியத்தையும் தாண்டியது. சிதைகிறதா என்பதற்கு இன்னும் விடை இல்லை. 2001-இல் கோலார் சுரங்கமும் மூடப்பட்டது. என் மாமாவுக்கு அந்தச் சோதனை பற்றித் தெரிந்ததெல்லாம் "கீழே விஞ்ஞானிங்க பெட்டி வெச்சிருக்காங்க, கிட்டப் போகக் கூடாது" என்பதுதான். பிரபஞ்சத்தின் கடைசி நாளைப் பற்றிய கேள்வி ஒன்று அவர் வேலை செய்த சுரங்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது என்று நான் பின்னாளில் சொன்னபோது, "சம்பளம் யாரு குடுத்தா?" என்று கேட்டார்.

சந்தேகங்களில் பெரியது அந்தச் சுழியங்களுக்கு அப்பால் இல்லை, இன்றைய அளவீட்டிலேயே இருக்கிறது. மேலே சொன்ன எல்லாமே இருண்ட ஆற்றல் மாறாமல் நிலையாக இருக்கும் என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு. அரிசோனாவில் உள்ள டெசி என்ற கருவி கோடிக்கும் மேற்பட்ட மண்டலங்களின் தூரத்தை அளந்து, அந்த ஆற்றல் காலப்போக்கில் வலுவிழக்கிறதோ என்று சந்தேகிக்க இடம் இருப்பதாக 2024-இலும் 2025-இலும் அறிவித்தது. எந்தத் தரவோடு சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் உறுதி 2.8-லிருந்து 4.2 சிக்மா வரை (இந்த எண் கூடக் கூட, அது தற்செயலாக இருக்கும் வாய்ப்பு குறையும்). கண்டுபிடிப்பு என்று அறிவிக்க 5 வேண்டும். 3 சிக்மாவில் பிறந்து மறு வருடமே காணாமல் போன செய்திகளை நிறையப் பார்த்துவிட்டதால் நான் அவசரப்படவில்லை. ஒருவேளை உண்மையானால், வலுவிழப்பது தொடர்ந்து, விரிவு நின்று, திரும்பச் சுருங்கும் வாய்ப்பைக்கூட ஒதுக்க முடியாது. அப்படிச் சுருங்கினால் மட்டும்தான் நீங்கள் பயந்தது போல எல்லாம் ஒரே இடத்தில் வந்து நெருக்கும். அதற்கும் குற்றவாளி கருந்துளைகள் அல்ல. எதிர்த்திசையில் அந்த ஆற்றல் வலுத்துக்கொண்டே போனால் மண்டலம், கோள், அணு என்று எல்லாம் பிய்ந்துபோகும் என்றும் ஒரு கணக்கு உண்டு. அந்தப் பக்கம் சாய வலுவான காரணம் எதுவும் இப்போது இல்லை.

நாம் கருந்துளைக்குள் இருக்கிறோமா என்பதற்குச் சுருக்கமாக. கருந்துளை பெரிதாக ஆக அதன் சராசரி அடர்த்தி குறையும். எம்87-இன் கருந்துளையின் நிறையை அதன் எல்லைக்குள் அடங்கும் கனஅளவால் வகுத்தால், நாம் மூச்சுவிடும் காற்றின் அடர்த்தியில் பாதிகூட இல்லை. இதையே நீட்டி, நாம் காணும் பிரபஞ்சத்தின் நிறைக்குக் கணக்கிட்டால், வரும் ஆரம் பிரபஞ்சத்தின் அளவோடு ஒத்துப்போகிறது என்று வீடியோக்களில் காட்டுவார்கள். ஏறத்தாழ ஒத்துப்போவது உண்மை. ஆனால் தட்டையாக, அதாவது வெளி வளைவில்லாமல், விரியும் எந்தப் பிரபஞ்சத்துக்கும் அந்தச் சமன்பாடு அப்படித்தான் வந்தாக வேண்டும், அதில் மர்மம் இல்லை. கருந்துளைக்கு வெளிப்புறம் என்று ஒன்று உண்டு, உள்ளே விழுந்தவனுக்கு முடிவு எதிரே காத்திருக்கிறது. நமக்கோ அந்த அடர்ந்த கணம் 1,380 கோடி ஆண்டுக்கு முன்னால், முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, எல்லாம் விலகித்தான் போகிறது. வேறொரு பிரபஞ்சத்தின் கருந்துளைக்குள் நம் பிரபஞ்சம் பிறந்தது என்ற கருத்தை முறையாகக் கணக்கிட்டு எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அது ஊகம். சோதித்துப் பார்க்க இன்னும் வழி கிடைக்காத ஊகம். பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு என்று நம் முன்னோர் சொன்னதையும் இதையும் சேர்த்துத் தைத்து யாராவது அடுத்து வருவார்கள். பெரிய எண்ணைக் கற்பனை செய்யத் துணிந்ததில் எனக்கும் பெருமைதான், ஆனால் அது அளந்து சொன்னது அல்ல.

மனம் சரியில்லை என்று எழுதியதால் கடைசியாக ஒன்று. ஆனி, ஆடி மாதத்தில் மேகம் இல்லாத ஓர் இரவு பத்து மணி வாக்கில், ஊர் விளக்கு இல்லாத இடமாகப் பார்த்துத் தெற்கே நின்று பாருங்கள். விருச்சிகத்தின் வளைந்த வால் தெரியும். அதன் கொடுக்குக்குக் கொஞ்சம் கிழக்கே தனுசு, இரண்டுக்கும் நடுவில் பால்போலக் கலங்கிய இடத்தில்தான் நம் மண்டலத்தின் பெரிய கருந்துளை. வெறுங்கண்ணுக்கு எதுவும் தெரியாது, திசை தெரியும். அப்புறம் விருச்சிகத்துக்கு மேலே, வடக்குப் பக்கமாகப் பாருங்கள். கையா பிஎச்1 அந்தப் பக்கம்தான். அதைச் சுற்றும் விண்மீனும் மிக மங்கலானது, கண்ணுக்குத் தெரியாது. 186 நாளுக்கு ஒரு சுற்று, இன்றைக்கும் வந்துகொண்டிருக்கும்.